அந்தப் புள்ளைகிட்ட எத்தனை பேரு கேப்பீங்க?

கடிதம்:

அக்கா வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு இலங்கைத் தமிழர் முகாம்ல ரெண்டு வருஷமா சாயங்கால ட்யூஷன் எடுக்குறேன். ஒன்பதாவது படிக்கிற ஒரு புள்ள, ஒருநாள் எல்லாரும் போனப்பறமும் போகாம சாக்பீஸ் டப்பாவை அடுக்கி அடுக்கி வெச்சுக்கிட்டே நின்னா. என்னடான்னு கேட்டேன், "மிஸ், இன்னைக்கு ராத்திரி இங்கயே இருந்துக்கவா"ன்னா. அவங்கம்மாவை கூட இருக்குற ஆளு குடிச்சிட்டு வந்து அடிக்கிறாராம், குறுக்க போனா இவளுக்கும் விழுகுதாம். எனக்குத் தெரிஞ்ச நம்பருக்கெல்லாம் போன் போட்டேன். ஒருத்தங்க இது பொம்பளைங்க பிரச்சனை, அம்மா வந்து சொல்லணும்னாங்க. இன்னொருத்தங்க புள்ளைக்கு 18 ஆகலையே, எங்ககிட்ட வராதுன்னாங்க. இன்னொருத்தர் கேம்ப் ஆளுங்கன்னா தாசில்தாரைக் கேளுங்கன்னாரு. அப்பறம் நாலு நாள்ல நாலு பேரு தனித்தனியா வந்தாங்க, நாலு பேருமே அவளை உக்கார வெச்சு முதல்லருந்து கேட்டாங்க. அஞ்சாவது நாள் "ஒன்னுமில்ல, நான் சும்மாதான் சொன்னேன்"னுட்டா. இப்பவும் வர்றா, கடைசில உக்காந்து கணக்கு மட்டும் போடுறா, என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறா. அவங்கம்மா என்கிட்ட பேச்சையே நிறுத்திட்டாங்க. நான் போன் போட்டது தப்பா அக்கா? இதையெல்லாம் யாருதான் பாக்கணும்?

(பேர் வேண்டாம்னு கேட்டிருக்காங்க)

பதில்:

தங்கச்சிக்கு, முதல்ல ஒன்னு சொல்லிடுறேன், உங்க கடிதத்துல ஊரு, வகுப்பு, இன்னும் ரெண்டு மூணு விஷயத்தை மாத்தித்தான் போட்டிருக்கேன். இந்த மாதிரி புள்ளைய இன்னாருன்னு கண்டுபிடிக்கிற மாதிரி எழுதக்கூடாதுன்னு இளைஞர் நீதிச் சட்டத்துலயே (2015) 74ம் பிரிவு இருக்கு. சட்டம் இல்லாட்டியும் அதான் முறை, கேம்ப்ல நாலு லைன் வீட்டுக்குள்ள யாரு வீட்டுக் கதைன்னு கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் ஆகாது.

போன் போட்டது தப்பே இல்ல. தப்பு அப்பறம் நடந்ததுல இருக்கு.

எனக்கே நடந்த ஒன்னு சொல்றேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, இதே மாதிரி ஒரு புள்ளையோட துணைக்கு ஒரு ஆபீஸுக்குப் போயிருந்தேன், எந்த ஆபீஸுன்னு வேணாம். வராண்டா பெஞ்சு, போற வர்றவன் எல்லாம் திரும்பிப் பாக்குறான், புள்ள யூனிபார்ம்ல, சடையில கட்டுன ரிப்பனோட நுனிய விரல்ல சுத்தி சுத்தி எடுக்குறா. எழுதுறவரு கேக்குறாரு, இவ சொல்றா, "மாமா அம்மாவுக்கு அடிச்சவர்". நம்ம காதுக்கு அது எப்பிடி விழுகும், அடிச்ச ஆளுன்னுதான? அவரு பேனாவ நிறுத்திட்டு "சரிம்மா, அடிச்சவர் யாரு, பேரைச் சொல்லு"ங்கிறாரு. அவ முழிக்கிறா. அவங்க வீட்டு இலங்கைத் தமிழ்ப் பேச்சுல "அடிச்சவர்"னா "அடிச்சாரு"ன்னு அர்த்தம், அவ்ளோதான், அதுலயும் அந்த ஆளுக்கு மரியாதை வேற. பள்ளிக்கூடத்துல "அடிச்சாரு"ன்னு நம்மள மாதிரியே பேசுற புள்ளதான், பயம் வந்தா வீட்டுப் பேச்சு வந்துரும்ல. மூணு தடவ திருப்பிக் கேட்டாரு, நாலாவது தடவ அவ "தெரியாது சார்"னுட்டா. பேப்பர்ல "தெரியாது என்கிறார்"னு ஏறிருச்சு. அடுத்த ஆபீஸ்ல அந்தப் பேப்பரைப் பாத்துட்டு "அங்க தெரியாதுன்னு சொல்லிட்டு இங்க வந்து மாத்திப் பேசுறியே"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. எனக்கு இன்னைக்கும் நெஞ்சு எரியும். பக்கத்துலயே உக்காந்திருந்து நானும் வாயத் தொறக்கல, ஆபீஸ்ல குறுக்க பேசுனா வேலை கெட்டுரும்னு ஒரு பயம், அதையும் சொல்லிக்கிறேன்.

உங்க புள்ள "சும்மா சொன்னேன்"னதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நாலு தடவ சொன்னா, ஒரு தடவகூட எதுவும் மாறல, வீட்டுக்குள்ள மட்டும் விஷயம் தெரிஞ்சுபோச்சு. அவ இடத்துல நானா இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பேன்.

யாரு பாக்கணும்னு கேட்டீங்க. ஆள் இல்லாம இல்ல தங்கச்சி, ஆள் ஜாஸ்தி, அதான் பிரச்சனை. புள்ளைக்கு 1098 உதவி போன், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக்குழு. அம்மாவுக்கு 181 உதவி போன், அடிபட்டு வர்ற பொம்பளைங்களுக்கு உதவுற சகி மையம், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல வர்ற பாதுகாப்பு அலுவலர், மகளிர் காவல் நிலையம். வேடிக்கை என்னன்னா போலீஸைத் தவிர இந்த ரெண்டு வரிசையும் சமூக நலன் மகளிர் உரிமைத் துறைங்கிற ஒரே துறைக்குக் கீழதான் வருது. கேம்ப் மட்டும் தனி, அது மறுவாழ்வுத்துறை, அதுக்குன்னு தாசில்தார், வருவாய் ஆய்வாளர், மேல க்யூ பிராஞ்ச்ங்கிற உளவுப் போலீஸ் ஒரு கண்ணு. ஆக ஒரு பத்துக்குப் பத்து ரூம்ல ஒரே ராத்திரி ஒரே ஆளு ரெண்டு பேரை அடிக்கிறான், காலையில அது மூணு பைலா ஆகிடுது.

இது மதுரையில மட்டும் உள்ள வியாதின்னு நெனைக்காதீங்க. 2017ல மியான்மர்லருந்து ஏழு லட்சம் ரோஹிங்யா மக்களுக்கு மேல பங்களாதேஷுக்கு ஓடி வந்தாங்கல்ல, காக்ஸ் பஜார் கேம்ப்கள்ல ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வேலை செய்யிறப்ப குழந்தைப் பாதுகாப்புக்கு ஒரு குழு, பெண்கள் மேல நடக்குற வன்முறைக்கு ஒரு குழுன்னு ரெண்டாத்தான் பிரிச்சுக்கிட்டாங்க. பிரிக்கிறதுலயும் நியாயம் இருக்கு, ஆறு வயசுப் புள்ளகிட்ட பேசுற விதம் வேற, முப்பது வயசுப் பொம்பளைகிட்ட பேசுற விதம் வேற. ஆனா பதினஞ்சு வயசுல கல்யாணம் பண்ணி வெச்ச புள்ள எந்தப் பக்கம்? புள்ளைங்க விளையாடுற மையத்துக்கு அவ வரமாட்டா, கையில குழந்தை இருக்கு. பொம்பளைங்க மையத்துக்குப் போனா மாமியார் வயசு ஆளுங்க உக்காந்திருக்காங்க. நடுவுல விழுகுறது எப்பவும் இந்த வயசுதான், உங்க புள்ளையும் அந்த நடுவுலதான் இருக்கா. ஆம்பளைப் பசங்க இதவிட மோசம், அவன் அழுதா எந்த வரிசையிலயும் எடமே கிடையாது.

இந்த வேலையில பழக்கமானவங்க என்ன பண்ணுவாங்கன்னா, யாரு போகணும்னு முன்னாடியே ஒரு தாள்ல எழுதி வெச்சுக்குவாங்க. முதல்ல கேக்குறது யாரு, அந்த ஆளு லீவுன்னா யாரு, ஆஸ்பத்திரின்னா யாரு கூட போறது, ராத்திரின்னா எங்க தங்குறது. கேக்குறது ஒரே ஆளு. மத்தவங்களுக்கு என்ன தெரியணுமோ அத மட்டும் அந்த ஆளு மூலமா வாங்கிக்கணும். அம்மாவுக்கும் புள்ளைக்கும் தனித்தனியா ரெண்டு பேரு வேணும்னா இருக்கட்டும், ஆனா அந்த ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் போன்ல பேசிக்கிறவங்களா இருக்கணும். சொன்னா சப்பையான விஷயமாத் தெரியும், ஆனா நான் பாத்த வரைக்கும் மீட்டிங் போட்டு டீ பிஸ்கட் சாப்பிட்டு போட்டோ எடுக்குறதத்தான் ஒருங்கிணைப்புன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க, ஒருத்தர் நம்பர் இன்னொருத்தர் போன்ல இருக்காது.

கேம்ப்ல இன்னொரு சிக்கல் இருக்கு, வெளிய இருக்குறவங்களுக்கு இது புரியாது. குடும்ப வன்முறைச் சட்டத்துல கோர்ட்டு நெனைச்சா அந்த ஆளை வீட்டை விட்டு வெளிய போகச் சொல்லி உத்தரவு போடலாம். தாலி கட்டாம சேர்ந்து வாழுறவங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும், இந்தியக் குடிமகளா இருக்கணும்னு எந்த வரியும் அதுல இல்ல. நல்ல சட்டம். ஆனா அவன் பேரும் அதே கேம்ப்லதான் பதிவாகியிருக்கு, வெளிய போடான்னா எங்க போவான், வேற கேம்புக்கு மாறணும்னா மறுவாழ்வுத்துறை ஓகே சொல்லணும். அப்ப பாதுகாப்பு அலுவலரும் கேம்ப் தாசில்தாரும் ஒரு தடவ பேசிக்கலைன்னா அந்த உத்தரவு வெறும் பேப்பர்தான், அவன் எதுத்த லைன்ல மச்சான் வீட்டுல படுத்துக்கிட்டு காலையில வாசல்ல வந்து நிப்பான். அடுத்து காசு. கேம்ப் குடும்பங்களுக்கு அரசாங்கம் மாசாமாசம் குடுக்குற பணக்கொடைய 2021ல உயர்த்துனாங்க, குடும்பத் தலைவருக்கு 1,500, மத்த பெரியவங்களுக்கு 1,000, பன்னெண்டு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்களுக்கு 500 ரூபா. அந்தத் தலைவர் இடத்துல யாரு பேரு இருக்குன்னு பாருங்க. கார்டுல அவன் பேரு முதல்ல இருந்தா அந்தம்மா புகார் குடுக்குறதுக்கு முன்னாடி அடுத்த மாசம் அரிசிக்கு என்ன பண்றதுன்னுதான் யோசிப்பாங்க. அதுக்கு மேல குடியுரிமை, என்னைக்காவது மனு போட்டா கேஸ் இருக்குன்னு தள்ளிருவாங்களோன்னு ஒரு பயம். அந்தப் பயம் சரியா தப்பான்னு நாம வெளிய நின்னு தீர்ப்பு சொல்லக்கூடாது. அவங்கம்மா உங்ககிட்ட பேச்சை நிறுத்துனது கோவத்துலன்னு நான் நெனைக்கல.

இங்கதான் கஷ்டமான எடம் வருது, இதை நிறைய பேரு மழுப்பிருவாங்க. அம்மா பெரிய மனுஷி, புகார் குடுக்குறதும் குடுக்காததும் அவங்க முடிவு. நீங்க தகவல் சொல்லலாம், நல்ல எண்ணத்துல சொன்னவங்க மேல கேஸ் வராதுன்னு குடும்ப வன்முறைச் சட்டத்தோட 4ம் பிரிவே சொல்லுது, ஆனா அவங்களுக்காக நீங்க முடிவெடுக்க முடியாது. புள்ள விஷயம் அப்பிடி இல்ல. அந்த ஆளு புள்ளகிட்ட தப்பா நடந்துக்கிட்டான்னு அவ சொன்னாலோ, உங்களுக்கே அப்பிடிப் பட்டாலோ, புள்ளைங்களைப் பாலியல் குற்றத்துலருந்து காப்பாத்துற போக்சோ சட்டம் (2012) 19ம் பிரிவுப்படி நீங்க சொல்லியே ஆகணும், அம்மா வேணாம்னாலும் சொல்லணும், சொல்லலைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு 21ம் பிரிவு. அதனால ஒரு புள்ள வாயத் தொறக்குறப்ப "யாருகிட்டயும் சொல்லமாட்டேன், மிஸ்கிட்ட மட்டும் சொல்லு"ன்னு தயவுசெஞ்சு சத்தியம் பண்ணிடாதீங்க. "உன்னைக் காப்பாத்த யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்"னு சொல்லுங்க. அதே சட்டம்தான் புள்ளைகிட்ட வாக்குமூலம் வாங்குறப்ப போலீஸு யூனிபார்ம்ல வரக்கூடாது, அவ வீட்டுலயோ அவளுக்குப் பிடிச்ச எடத்துலயோ வெச்சு வாங்கணும், முடிஞ்ச வரைக்கும் பெண் எஸ்.ஐ. வாங்கணும், ராத்திரி ஸ்டேஷன்ல வெச்சிருக்கவே கூடாதுன்னும் சொல்லுது. நம்மாளுங்க முதல் பாதிய மட்டும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காங்க.

உங்க கடிதத்துல அந்த மாதிரி எதுவும் இல்ல, அடிதான். அடியும் இளைஞர் நீதிச் சட்டத்துல 75ம் பிரிவுல வரும், குழந்தைகள் நலக்குழு பாக்கவேண்டிய விஷயம்தான். அந்தக் குழுவுல தலைவர் ஒருத்தர், உறுப்பினர் நாலு பேரு, அதுல ஒரு பெண்ணாவது இருக்கணும், மாஜிஸ்திரேட் அதிகாரம் உண்டு. ஆனா புள்ளைய எடுத்துட்டுப் போய் ஹோம்ல சேக்குறதத்தான் காப்பாத்துறதுன்னு நெனைச்சுராதீங்க. கேம்ப்ல எல்லாரும் பயப்படுறது அதுக்குத்தான், கடலைத் தாண்டி வந்தும் ஒன்னா இருந்த குடும்பத்தை நம்ம ஆபீஸ் பிரிச்சுட்டா எப்பிடி இருக்கும். சகி மையத்துல அம்மாவும் பொம்பளைப் புள்ளையும் அஞ்சு நாள் வரைக்கும் தங்கலாம், ஆனா வளந்த பையன் ஒருத்தன் இருந்தா அவனை விடமாட்டாங்க, அப்ப அவன் எங்க போவான், அந்த ஆளுகூடத்தான் இருப்பான். இந்த ஒரு கேள்விக்காகவே அம்மா திரும்பிப் போன வீடு எனக்குத் தெரியும்.

சரி, இப்ப நீங்க என்ன பண்றது. புள்ளைகிட்ட இனிமே எதுவும் கேக்காதீங்க. அஞ்சாவது ஆளா நீங்களும் ஆகிடாதீங்க. வந்த நாலு பேரு நம்பரையும் எடுங்க, அதுல அவளை ஓரளவுக்காவது மனுஷத்தனமா கேட்டது யாருன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், அந்த ஒருத்தர்கிட்ட போய், "மேடம், இனிமே நீங்க மட்டும் பாருங்க, மத்த மூணு பேருக்கும் நீங்களே சொல்லிருங்க"ன்னு கேளுங்க. வாயால சொன்னாப் பத்தாது, மனுவா எழுதிக் குடுங்க, குழந்தைகள் நலக்குழுவுக்கு ஒரு காப்பி. அவங்க எழுதுன பேப்பர்ல "சும்மா சொன்னேன்"னு ஏறியிருந்தா, அது நாலு பேரு கேட்டப்பறம் சொன்னதுன்னும் அந்த மனுவுலயே எழுதுங்க, நான் அன்னைக்குச் செய்யாமப் போனது அது. அம்மா வீட்டுக்கு நீங்க போகாதீங்க, அந்த ஆளு பாப்பான். கேம்ப்ல மகளிர் குழு இருக்கும், வயசான அம்மா யாராவது ஒருத்தங்க, தண்ணி புடிக்கிற எடத்துல, இலவச வக்கீல் 15100 போட்டா கிடைக்கும், பொம்பளைங்களுக்கு வருமானம் கேக்கமாட்டாங்கன்னு அவங்கம்மா காதுல போட்டு வெச்சா போதும். தகவலா மட்டும் போகட்டும், புத்திமதியா போகவேணாம். ராத்திரி அடி விழுகுற சத்தம் கேட்டா பக்கத்து வீட்டுக்காரங்க 112 அடிக்கலாம், அதையும் அந்த வயசானவங்களே சொல்லிவைப்பாங்க.

புள்ள கடைசில உக்காந்து கணக்கு போடுறாளா, போடட்டும். இவ்ளோ நடந்தும் ட்யூஷனுக்கு வர்றாளே, அது எதுக்குன்னு நெனைக்கிறீங்க. நோட்டைத் திருத்திக் குடுங்க, தப்பு இருந்தா தப்புன்னு போடுங்க, பாவம் பாத்து டிக் போட்டீங்கன்னா கண்டுபிடிச்சுருவா. ட்யூஷன் முடிஞ்சு சாக்பீஸ் டப்பாவ நீங்களே அடுக்காம கொஞ்சம் அப்பிடியே விட்டு வைங்க.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள், மனுவ எடுத்துக்கிட்டு பத்து மணிக்கு முன்னாடி வந்துருங்க, நானும் வர்றேன். கூட்டமா இருக்கும், தண்ணி பாட்டில் கொண்டாங்க.