வயித்துல வேணாம், கால் கட்டை விரல்ல வைங்க

கேள்வி: மும்பைல மாட்டுங்கா ஏரியால ஒருத்தர் பெரிய வெங்கலக் கிண்ணத்த வயித்துமேல வச்சு கட்டையால தட்டுறார். ஒரு தடவைக்கு 1500 ரூபா. அந்த அதிர்வு ரத்தத்துல இறங்கி சுகர் தானா குறையும்ங்கறார். போகலாமா? (ஒரு வாசகி, செம்பூர்)

பதில்: சுகர் குறையாதும்மா. மாத்திரைய ஒரு வேள கூட விட்டுடாதீங்க. அரைமணி நேரம் கண்ண மூடிப் படுத்து அந்த ரீங்காரத்த கேட்டா படபடப்பு கொஞ்சம் அடங்கும், அது போதும்னா போங்க.

ஆனா 'அதிர்வு'ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, நான் அங்கயே நின்னுட்டேன். போன வருஷம் எங்க சித்தப்பாவ சயான்ல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், 18 வருஷமா சுகர் அவருக்கு. டாக்டர் செருப்ப கழட்டச் சொல்லி, டிராயர்லேர்ந்து ஒரு டியூனிங் ஃபோர்க் எடுத்தார், ஸ்கூல்ல இசைக்கவைன்னு படிச்சோமே அதேதான், செகண்டுக்கு 128 தடவ அதிரும். தட்டி முதல்ல மணிக்கட்டு எலும்புல வச்சார், "ஆமா, கிர்ருங்குது"ன்னார் சித்தப்பா. அப்புறம் கண்ண மூடச் சொல்லிட்டு கால் கட்டை விரல் எலும்புல வச்சார். கம்பி நடுங்கறது எனக்கு தெரியுது. சித்தப்பா கண்ண மூடின மேனிக்கே, "வைங்க டாக்டர், எப்ப வைப்பீங்க?"ங்கறார். எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. கால திருப்பிப் பார்த்தா குதிகால் வெடிப்புல ஒரு சின்ன ஜல்லி, எத்தன நாளா அது மேல நடந்தாரோ.

சுகர் வருஷக்கணக்கா ஏறி இருந்தா கால் நரம்பு மரத்துப்போகும், அதுல சீக்கிரமே போற உணர்ச்சிகள்ல ஒண்ணு இந்த அதிர்வு தெரியறது. அப்புறம் புண்ணு வந்தாலும் வலிக்காது, வலிக்காததால யாரும் பார்க்க மாட்டாங்க, கடைசில விரல எடுக்கற வரைக்கும் போயிடும். ஒரு நிமிஷ சோதனைம்மா. வருஷத்துக்கு ஒரு தடவயாவது கேட்டு வாங்குங்க, டாக்டர் கால பார்க்கலன்னா நீங்களே செருப்ப கழட்டி நீட்டுங்க, கூச்சப்படாதீங்க.

அதிர்வால வைத்தியமே இல்லன்னு நான் சொல்லல. சிறுநீரகக் கல்ல வெளியிலேர்ந்தே அதிர்வலை அனுப்பி உடைக்கறாங்களே, 1980ல மியூனிக்ல ஆரம்பிச்சது, விமானம் செய்யற டோர்னியர் கம்பெனியோட மெஷின். அந்த அலை சரியா கல்லு மேல போய் குவியுது, அதனாலதான் கல்லு பொடியாகுது. உங்க கிண்ணக்காரர்கிட்டயும் கேளுங்க, எத்தன அதிர்வு, உடம்புல எந்த எடத்துல போய் என்ன பண்ணுதுன்னு.

உடம்ப கெடுக்கற அதிர்வு எங்க இருக்குன்னு கேட்டா நம்ம ஊர் ரோட்டத்தான் காட்டுவேன். எத்தன இதழா எழுதறேன் இந்த ஹாரன பத்தி! ராத்திரி சத்தம் தூக்கத்த கெடுக்கும், பிரஷர ஏத்தும். 2000ல வந்த விதிப்படி ஆஸ்பத்திரிய சுத்தி குறைஞ்சது 100 மீட்டர அமைதிப் பகுதின்னு அரசு அறிவிக்கலாம், அப்படி அறிவிச்ச எடத்துல சத்தம் பகல்ல 50 டெசிபல், ராத்திரி 40 தாண்டக் கூடாது, ஹாரனே அடிக்கக் கூடாது. போர்டு மட்டும் பளபளன்னு இருக்கு. அன்னிக்கு டாக்டர் சொன்னது எதுவும் சித்தப்பா காதுல விழல, கீழ சிக்னல்ல அப்படி ஒரு அலறல். நான் எழுந்து ஜன்னல சாத்திட்டு மறுபடி சொல்லச் சொன்னேன். "தினம் ராத்திரி ஒரு கண்ணாடிய தரையில வச்சு உள்ளங்கால பாருங்க பெரியவரே, வீட்டுக்குள்ள கூட வெறுங்கால்ல நடக்காதீங்க."