நான்கு கீப்பர்தான் வைக்கலாம் என்றால், யாரை விடுவது?

ஃபேன்டசி ஐஸ் ஹாக்கி, அதாவது நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டக் கணக்கில் போட்டி போடும் விளையாட்டு. பத்து அணி லீக், ஆளுக்கு நான்கு கீப்பர் (அடுத்த சீசனுக்கும் தக்கவைத்துக்கொள்ளும் வீரர்). மெக்டேவிட், மகார், ஹெல்லபக், கிராஸ்பி, பெடார்ட் ஐவரில் யாரை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கிராஸ்பியை விடுங்கள்.

ஆட்டம் குறைந்துவிட்டது என்பதால் இல்லை. 2005-06 முதல் 2024-25 வரை ஆடிய எல்லா சீசனிலும் சராசரியாக ஆட்டத்துக்கு ஒரு புள்ளிக்கு (கோலோ, கோலுக்கு உதவியோ ஒரு புள்ளி) குறையாமல் எடுத்தவர், மகா கெட்டிக்காரர். ஆனால் 1987-இல் பிறந்தவர். கீப்பர் லீக்கில் எல்லோரும் இளசுகளையே துரத்துவார்கள். டிராஃப்டில் (வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதில்) இரண்டாம் சுற்றில்கூட அவர் மிச்சமிருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அப்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2005-இல் பிறந்த பெடார்டை விட்டால் திரும்பக் கிடைக்கவே மாட்டார். ஹெல்லபக்கையும் விடாதீர்கள். வெற்றி, சேவ் சதவீதம், விட்ட கோல் சராசரி, ஷட்அவுட் (கோலே விடாத ஆட்டம்) என நான்கு பிரிவு அவரைப் போன்ற ஒரு நல்ல கோல்காப்பாளர் கையில் இருக்கிறது.

அப்புறம், இணையத்தில் வரும் தரவரிசையை அப்படியே நம்பி உட்காராதீர்கள். மற்ற ஒன்பது பேர் வைத்துக்கொள்ளும் 36 பேரையும் உங்கள் நால்வரையும் முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். உங்கள் 'முதல் சுற்று' உண்மையில் ஐந்தாம் சுற்றுதான். அடித்த பிறகு எந்த இடம் வறண்டு கிடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் டிஃபன்ஸ்தான். 2024-25-இல் 30 கோல் அடித்த மகார் உங்களிடம் இருப்பதால் நீங்கள் அவசரப்பட வேண்டாம். ஹிட்ஸ் (எதிராளியை உடலால் மோதுவது), பிளாக்ஸ் (ஷாட்டைத் தடுப்பது) தருபவர்கள் கடைசிச் சுற்றுகளிலும் கிடைப்பார்கள்.

உங்கள் லீக்கில் ஒரு கீப்பரை வைத்துக்கொண்டால் அதற்கு ஈடாக ஒரு டிராஃப்ட் சுற்றைக் கழிப்பார்களா? அதைச் சொல்லுங்கள், கணக்கு மாறும்.