டூரிங் மோட்டார் சைக்கிளின் உயரத்தைக் குறைக்க: பின் அப்சோர்பர் கேள்வி பதில்

சீட் உயரம் பற்றி வந்த கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன், கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். பின்பக்கத்தை இறக்குவது அரை நாள் வேலைதான். அதோடு சேர்ந்து இடம் மாறும் மற்றவற்றைச் சரிசெய்யாமல் அப்படியே ஓட்டுவதில்தான் சிக்கல் வருகிறது.

செராஸ்: என் உயரம் 5 அடி 3. வி-ஸ்ட்ரோம் 650-இன் சீட் 835 மிமீ, சிக்னலில் நின்றால் கால் நுனிதான் எட்டுகிறது. டாக்போன் மாற்றச் சொல்கிறார்கள். அது என்ன, எவ்வளவு இறக்கலாம் அண்ணே?

உங்கள் மோட்டாரில் அப்சோர்பர் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் சாமான்) நேராக ஸ்விங்ஆர்மில், அதாவது பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையில், உட்காரவில்லை, நடுவில் ஒரு லிங்க் (இணைப்பு) இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும், இரண்டு முனையிலும் ஓட்டை போட்ட இரட்டைப் பட்டைகள்தான் டாக்போன். பெரும்பாலான மாடல்களில் ஒரிஜினலைவிடச் சில மில்லிமீட்டர் நீளமானதைப் போட்டால், லிங்க் அந்த வித்தியாசத்தைப் பெருக்கிக் காட்டி, பின்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கிவிடும்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பின் அச்சில் 25 மிமீ இறங்கினால் சீட்டில் 25 இறங்காது, ஏனென்றால் நீங்கள் உட்காருவது பின் சக்கரத்துக்கு முன்னால், சுமார் 17, 18 மிமீதான் கிடைக்கும். முன் ஃபோர்க்கையும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) அதே அளவு இறக்கினால்தான் மீதி வரும். அதனால் கிட் வாங்கும்போது "25 என்பது அச்சிலா சீட்டிலா" என்று கேட்டு வாங்குங்கள். 25-க்கு மேல் இறக்க வேண்டாம் என்பது என் கருத்து. 50 மிமீ கிட் விற்கிறார்கள், விற்கட்டும்.

பெட்டாலிங் ஜெயா: பிரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை) தளர்த்தினாலே இறங்குகிறதே, எதற்குக் காசு செலவு?

இறங்கும், ஆனால் அப்சோர்பர் வேலை செய்ய வேண்டிய தூரத்தைத் தின்றுதான் இறங்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் மொத்த ஓட்டத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் அமுங்க வேண்டும், அதாவது பின் சக்கரத்துக்கு 150 மிமீ ஓட்டம் இருந்தால் 45 மிமீ. அதற்கு மேல் போனால் தாமான் (குடியிருப்பு) ரோட்டில் ஒவ்வொரு பம்பிலும் டம் என்று அடி விழும். அளக்கும்போது ஜாக்கெட், பூட்ஸ், பெட்டி எல்லாத்தோடும் அளங்கள். அரைக்கால் சட்டையோடு வீட்டு வாசலில் அளந்துவிட்டு ஹாட்யாய்க்கு மூன்று பெட்டி கட்டிக்கொண்டு போனால் அந்த அளவு எதற்கும் உதவாது. அதே நேரம் உங்கள் எடைக்கு ஸ்பிரிங் ஏற்கெனவே அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால், சரியான அளவுக்குத் தளர்த்தும்போதே கொஞ்சம் உயரம் இலவசமாகக் குறையும். முதலில் இதைப் பாருங்கள்.

பட்டர்வொர்த்: வெர்சிஸ் 650-க்கு டாக்போன் எங்கே கிடைக்கும்?

அந்த மோட்டாரில் டாக்போனே கிடையாது தம்பி. அப்சோர்பர் பக்கவாட்டில் சாய்ந்து நேராக ஸ்விங்ஆர்மில் மாட்டியிருக்கும். நீளம் குறைந்த அப்சோர்பர் போட வேண்டும், இல்லையென்றால் அதன் அடிப்பிடியை மாற்ற வேண்டும். அப்சோர்பருக்குள்ளே ஸ்பேசர் (இடைவளையம்) வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நைட்ரஜன் அடைக்கும் வசதி அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அழுத்தத்தோடு இருக்கிற சாமான், தெரியாதவர் கழற்றினால் முகத்தில் தெறிக்கும்.

அம்பாங்: ஆர் 1250 ஜிஎஸ் வைத்திருக்கிறேன். முன் ஃபோர்க்கைக் கிளாம்பில் (ஹேண்டிலுக்குக் கீழே குழாய்களைப் பிடித்திருக்கும் பிடியில்) மேலே தள்ளினால் போதுமா?

போதாது சார். உங்களுடையது டெலிலிவர், முன்பக்க எடையைத் தாங்குவது நடுவில் இருக்கும் தனி அப்சோர்பர், ஃபோர்க் குழாய்க்குள் ஸ்பிரிங்கே இல்லை. அந்த வரிசைக்குத் தொழிற்சாலையிலேயே தாழ்வான சஸ்பென்ஷனும் தாழ்வான சீட்டும் வருகின்றன. எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் இருந்தால் வெளியாள் கை வைக்காமல் அந்த வழியிலேயே போங்கள்.

கிள்ளான்: போன மாதம் பின்பக்கம் மட்டும் 25 மிமீ இறக்கினேன். இப்போது வளைவில் மோட்டார் படுக்க மறுக்கிறது, ராத்திரியில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட் அடிக்கிறார்கள். போர்மேன் (மெக்கானிக்) பழகிடும் என்கிறார்.

பழகாது. இரண்டும் ஒரே காரணத்தால் வருகின்றன. இரு அச்சுகளுக்கும் இடையே சுமார் 1,500 மிமீ இருக்கும் மோட்டாரில் பின்னால் 25 இறங்கினால், வண்டி முழுக்க ஏறத்தாழ ஒரு டிகிரி பின்னால் சாய்கிறது. ஃபோர்க் அவ்வளவு படுத்துக்கொள்ளும், டிரெயில் (ஹேண்டில் திரும்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) கூடும், ஹேண்டில் மந்தமாகும். நேர் ரோட்டில் சுகமாகத்தான் இருக்கும், உலு யாம் பக்கத்து வளைவுகளுக்குப் போனால் தெரிந்துவிடும். லைட்டும் அதே ஒரு டிகிரி மேலே பார்க்கும். 25 மீட்டர் தூரத்தில் அது 40 சென்டிமீட்டருக்கு மேல் உயர்வு, எதிரே வரும் கார்க்காரரின் கண்ணுக்கே போகும்.

இரண்டு ஃபோர்க் குழாயையும் கிளாம்பில் ஒரே அளவு மேலே தள்ளச் சொல்லுங்கள். கிட்டோடு வந்த தாளில் எவ்வளவு என்று போட்டிருந்தால் அதுவே கணக்கு. தள்ளிய பிறகு ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, குழாய் முனை எங்கும் இடிக்கவில்லை, முன் மட்கார்டு அமுங்கும்போது மேலே தட்டவில்லை என்று பார்த்துவிட்டு லைட்டைத் திருப்புளியால் இறக்குங்கள். செயினையும் மறக்காதீர்கள். ஸ்விங்ஆர்மின் கோணம் மாறிவிட்டதால் தொய்வைக் கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி வைக்க வேண்டும்.

ஆயர் ஈத்தாம்: இறக்கிய பிறகு சைட் ஸ்டாண்டில் நிறுத்தினால் மோட்டார் நிமிர்ந்தே நிற்கிறது, எங்கள் வீட்டுச் சரிவில் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான் அக்கா. உடம்பு இறங்கிவிட்டது, ஸ்டாண்டின் நீளம் அப்படியே இருக்கிறது. நீளத்தை மாற்றக்கூடிய ஸ்டாண்ட் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதை வாங்குவது நல்லது. இல்லையென்றால் வெல்டிங் கடையில் வெட்டி ஒட்டலாம், முதலில் குறைவாக வெட்டச் சொல்லுங்கள், வெட்டியதை நீட்ட முடியாது. அடித்தட்டு தரையில் முழுசாகப் பதிகிற கோணத்தில் ஒட்ட வேண்டும். ஸ்டாண்ட் சுவிட்சின் வயரை வெல்டிங்குக்கு முன் கழற்றிவிட வேண்டும். நடு ஸ்டாண்டில் ஏற்றுவதும் இனிக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், சக்கரத்துக்கு அடியில் ஒரு மெல்லிய பலகையை வைத்து ஏற்றுங்கள்.

ரவாங்: மனைவியோடு தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போகும்போது பின்னால் கர்ரென்று தேய்கிற சத்தம். இறக்குவதற்கு முன்னால் இல்லை.

சீட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, டயருக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். டயர் அகலத்துக்குப் பளபளவென்று வழித்த மாதிரி இருக்கும், கறுப்புத் தூள் ஒட்டியிருக்கும். சில மோட்டாரில் பின் லைட்டின் வயர் அந்த வழியாகத்தான் போகிறது. நீளமான டாக்போன் போட்டால், அப்சோர்பர் முழுக்க அமுங்கும்போது சக்கரம் முன்பு எட்டாத உயரத்துக்கு ஏறும். தனியாகப் போனால் தெரியாது, இரண்டு பேரும் பெட்டியும் ஏறினால் தெரியும்.

அப்சோர்பரைக் கழற்றிவிட்டு, அது முழுக்க அமுங்கினால் சக்கரம் எங்கே நிற்குமோ அதுவரை கையால் தூக்கிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. தட்டினால் இறக்கிய அளவைப் பாதியாக்குங்கள். அதுவரை மனைவியை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போக வேண்டாம். ஃபுட்பெக்கும் முன்னைவிடச் சீக்கிரம் தரையில் உரசும், அது வேறு.

சுங்கை பூலோ: லேத் கடையில் இரும்புப் பட்டையை வெட்டி ஓட்டை போட்டால் மலிவாக முடிந்துவிடுமே?

வேண்டாம் தம்பி. இரண்டு பட்டைக்கும் நடுவே நீளத்தில் கொஞ்சம் வித்தியாசம் வந்தாலும் லிங்க் முறுக்கிக்கொள்ளும். பின்பக்க எடை முழுவதும் அந்த போல்ட்டில்தான் தொங்குகிறது. உங்கள் மாடலுக்கென்று செய்ததை வாங்கி, டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து இறுக்குங்கள். மாட்டும்போது ஒரு விஷயம்: டயருக்கு அடியில் கட்டையைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால் ஒரு இடத்தில் போல்ட் விரலால் தள்ளினாலே வெளியே வரும். சுத்தியல் தேவைப்பட்டால் எடை இன்னும் அதன்மேல் இருக்கிறது என்று அர்த்தம். திறந்த கையோடு பேரிங்கைத் துடைத்து கிரீஸ் வைத்துவிடுங்கள், நம் மழையில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ஜெலுத்தோங்: ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பிடிக்குமா?

செய்வதற்கு முன்பே அவர்களிடம் கேட்டுவிடுங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு விளக்கம் சொல்வது கஷ்டம். ஒரிஜினல் டாக்போனைப் பத்திரமாக வையுங்கள், விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார்.

பிரிக்பீல்ட்ஸ்: எதையும் மாற்றாமல் வழி உண்டா அண்ணே? 5 அடி 2.

உண்டு மா. இரண்டு காலும் முழுசாகப் பதிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நிற்கும்போது இடுப்பை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்தி இடது காலை முழுசாக ஊன்றுங்கள், வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். குஷன் கடையில் சீட்டின் முன் ஓரங்களை மட்டும் செதுக்கச் சொன்னால் தொடை அகலாமல் கால் நேராக இறங்கும், உட்காரும் இடத்துப் பஞ்சைத் தொட வேண்டாம், நீண்ட பயணத்தில் வலிக்கும். தடித்த அடியுள்ள பூட்ஸ் 20 மிமீ வரை கொடுக்கும். இவ்வளவும் செய்து, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகும் எட்டவில்லை என்றால் டாக்போன் பற்றிப் பேசலாம்.