லிஃப்ட் வாங்குமுன் கூரையை அளந்தீர்களா, தம்பி?

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு 38 வயது, மாதச் சம்பளம் 38,000 ரேண்ட். போன வருடம் டர்பன் சாட்ஸ்வர்த்தில் வீடு வாங்கினோம். கராஜில் என் சிட்டி கோல்ஃப் கார் நிற்கிறது, மீதி இடமெல்லாம் அட்டைப்பெட்டி. அதை ஒழுங்கான வேலைக்கூடமாக்க விலை விசாரித்துவிட்டேன்: காரைத் தூக்கி நிறுத்தும் இரண்டு கால் லிஃப்ட் 42,000, கருவிகளோடு டூல் கேபினட் 27,000, தரைக்கு எபாக்ஸி 18,000, வயரிங்கும் விளக்கும் 14,000, அலமாரி 10,000, கம்ப்ரசர் 9,000. ஆக 1,20,000 ரேண்ட். 24 சதவீத வட்டியில் 60 மாதத் தனிநபர் கடன் தயாராக இருக்கிறது. இல்லையென்றால் 10.5 சதவீதத்தில் பாண்டிலிருந்து, அதாவது வீட்டுக் கடனிலிருந்து, எடுக்கலாம், பென்ஷன் ஃபண்டில் ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய பகுதியான சேமிப்புப் பானையிலும் 30,000 இருக்கிறது. எது நல்லது? நண்பர்களின் கார்களையும் பார்த்துக் கொடுத்தால் லிஃப்ட் தன் காசைத் தானே எடுத்துவிடும் என்று நினைக்கிறேன். லிஃப்ட் வேண்டாமென்றால், காரின் அடியில் நின்று வேலை பார்க்க ஒரு பள்ளம், அதாவது பிட், தோண்டலாமா?

பதில்: தம்பி, கடனுக்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போங்கள். கோல்ஃபின் உயரம் சுமார் 1.4 மீட்டர். அதன் அடியில் நீங்கள் நிமிர்ந்து நிற்க 1.8 மீட்டராவது வேண்டும். கூட்டினால் 3.2. நம் பகுதி வீட்டுக் கராஜ்களில் சீலிங் 2.4 மீட்டர் இருந்தாலே பெரிது. அப்படியானால் லிஃப்ட் வாங்குகிறவர் கூரையையும் தூக்கியாக வேண்டும். அதற்கு வரைபடம் போட்டு நகராட்சி அனுமதி வாங்க வேண்டும். தரை கான்கிரீட் அந்தக் கால்களைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்; பழைய தரை எத்தனை தடிமன் என்று ஒரு துளை போட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பட்டியலில் இதில் ஒன்றுக்கும் காசு ஒதுக்கவில்லை. 42,000 என்பது லிஃப்டின் விலை மட்டும்தான்.

அனுமதி விஷயத்தில் நான் பட்டவன். என் பழைய வீட்டில் பேக்கி (பின்னால் சுமை ஏற்றும் சிறு வண்டி) நிறுத்த ஒரு கூரை போட்டேன், வரைபடம் எதற்கு என்று விட்டுவிட்டேன். ஒன்பது வருடம் ஒருவரும் கேட்கவில்லை. வீட்டை விற்கப் போனபோது வாங்குகிறவர் தரப்பில் வரைபடத்தைக் கேட்டார்கள். கூரை போட்ட செலவைவிட அதைக் காகிதத்தில் சரிசெய்த செலவுதான் அதிகம்.

இனி கடன். 24 சதவீதத்தில் 1,20,000 வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 3,450 வரும். 60 மாதத்தில் நீங்கள் கட்டுவது 2,07,000 ரேண்ட். மாதாமாதம் பிடிக்கும் சேவைக் கட்டணம் இதில் சேரவில்லை.

பாண்ட் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். வட்டி விகிதம் மலிவுதான். ஆனால் 10.5 சதவீதத்தில் எடுத்து, வங்கி கேட்கும் குறைந்த தவணையை மட்டும் 20 வருடம் கட்டிக்கொண்டிருந்தால் மொத்தம் 2,87,000-க்கு மேல் போய்விடும், தனிநபர் கடனையே தாண்டிவிடும். அதே பாண்டில் இந்த 1,20,000-க்கென்று மாதம் 3,450 கட்டினால் 42 மாதத்தில் முடிந்துவிடும், வட்டியும் 24,000-க்குள்தான். நீங்கள் கட்டுவீர்களா என்பதுதான் கேள்வி. கோபித்துக்கொள்ளாதீர்கள், என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கட்டுவதில்லை.

சேமிப்புப் பானையைத் தொடாதீர்கள். 2024 செப்டம்பர் 1 முதல் வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வழி வைத்தார்கள். வழி இருக்கிறது என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை. உங்கள் சம்பளத்துக்கு 31 சதவீத வரி பிடிப்பார்கள். 30,000-இல் 9,300 வரிக்கே போய்விடும், ஃபண்டின் கட்டணம் தனி. கைக்கு 20,700 கூட முழுசாக வராது. அதை அப்படியே விட்டு ஆண்டுக்கு 9 சதவீதம் வளர்ந்தால், உங்கள் 63-ஆவது வயதில் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கும்.

நான் சொல்வது வேறு வழி. கடனுக்குக் கட்டத் தயாராக இருந்த பணத்தை, மாதம் 3,500 என்று வைத்து, சம்பளம் விழும் நாளிலேயே ஒரு 32 நாள் நோட்டீஸ் கணக்குக்கு (எடுக்க 32 நாள் முன்பே வங்கியிடம் சொல்ல வேண்டிய சேமிப்புக் கணக்கு) அனுப்புங்கள். லிஃப்ட் நீங்கலாக உங்கள் பட்டியல் 78,000 ரேண்ட். 23 மாதத்தில் எல்லாம் கைக்கு வந்துவிடும், ஒரு சென்ட் வட்டி இல்லாமல். லிஃப்டின் விலையும் சேர வேண்டுமென்றால் 35 மாதம். கடனென்றால் அதே மாதத் தொகையை 60 மாதம் கட்டுவீர்கள்.

முதல் நாலு மாதக் காசு வயரிங்குக்கு. பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து, கம்ப்ரசருக்கு என்று தனி லைன் போட்டு, வயரிங் சரி என்ற தகுதிச் சான்றிதழைக் கையில் வாங்குங்கள். தீ விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று. கேபினட்டை முழு செட்டாக வாங்காதீர்கள். நல்ல ஜாக் ஒன்று, தூக்கிய காரைத் தாங்க ஸ்டாண்ட் நாலு, போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்க டார்க் ரெஞ்ச் ஒன்று. மற்றதை வேலை வரவர வாங்கலாம். என் கராஜில் 27 துண்டு சாக்கெட் செட் இருக்கிறது, பத்து வருடமாகக் கை போவது 10, 13, 17 என்ற மூன்று அளவுக்கும்தான். மீதியில் டர்பன் கடற்காற்று துரு ஏற்றிக்கொண்டிருக்கிறது. கம்ப்ரசர் வந்ததும் வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் டாங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு, வடிக்காத டாங்க் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும்.

அலமாரிக்கு 10,000 எதற்கு? முதலில் அட்டைப்பெட்டிகளையும், வருடத்தில் இரண்டு முறை வெளியே வரும் பிரியாணி டேக்சாவையும் வேறிடத்துக்கு நகர்த்துங்கள். சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தை மார்க்கரால் வரைந்துவிடுங்கள். எது காணவில்லை என்று பலகையே சொல்லும். போல்ட், நட்டுக்கு ஊறுகாய் பாட்டில் போதும், மூடியை அலமாரியின் அடியில் திருகிவிட்டால் பாட்டில் தொங்கும். இதற்கு 1,500 ஆகுமா? 8,500 மிச்சம், இரண்டரை மாதச் சேமிப்பு.

நண்பர்கள் கார் விஷயம். காசு வாங்கினால் அது வருமானம், வரித் துறையான சார்ஸுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதைவிடப் பெரிய சங்கதி இன்சூரன்ஸ். உங்கள் பாலிசி குடியிருப்புக்கு எடுத்தது. கூலிக்கு வேலை பார்க்கும்போது இன்னொருவர் கார் ஸ்டாண்டிலிருந்து சரிந்தாலோ, அவர் கை நசுங்கினாலோ, அந்தப் பாலிசியை நம்பி நிற்க முடியாது. தொழில் என்று சொல்லித் தனிக் காப்பீடு எடுத்தால் பிரீமியம் ஏறும். வீட்டில் தொழில் நடத்த நகராட்சியிலும் கேட்க வேண்டிவரும். சனிக்கிழமை நண்பனின் பிரேக் பேடை மாற்றிக் கொடுத்து, ஒரு பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) வாங்கிச் சாப்பிடுங்கள். லிஃப்டின் விலையை அதில் எடுக்கப் பார்க்காதீர்கள்.

பிட் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் இறங்கித் தங்கும். தீப்பிடிக்க அங்கே ஒரு சாதாரண விளக்கு உடைந்தாலே போதும். மழைக்காலத்தில் தண்ணீர் வேறு ஊறும். நாலு ஸ்டாண்டும், படுத்து உருள ஒரு பலகையும் வாங்கிக்கொள்ளுங்கள். முதுகு வலித்தால் எழுதுங்கள், கூரைச் செலவை அப்போது உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.