ஜிம்முக்கு 14 ஆயிரம் கட்டுமுன் ஒரு வாளியை எடுங்கள்

கேள்வி: வயது 44. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க நாற்காலிதான். எடை 78 கிலோ, உயரம் ஐந்தடி ஆறங்குலம். மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. டாக்டர் சொன்னதால் ஒரு வருடமாகத் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன், தொப்பை அப்படியே இருக்கிறது. மாடி ஏறினால் முட்டி லேசாக வலிக்கிறது. பக்கத்து ஜிம்மில் வருடத்துக்கு 14,000, பெர்சனல் ட்ரெய்னருக்கு மாதம் 5,000, புரோட்டீன் பவுடர் தனி என்கிறார்கள். 2,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். காலையில் எனக்குக் கிடைப்பது 25 நிமிடம். வீட்டிலேயே, சாமான் எதுவும் வாங்காமல் உடம்பைத் தேற்ற முடியுமா?

பதில்: முடியும். வாரத்தில் மூன்று நாள், அந்த 25 நிமிடம் போதும். வேண்டிய சாமான்: ஒரு நாற்காலி, ஒரு வாளி, மகன் அல்லது மகளின் பழைய பள்ளிப் பை, வீட்டு மாடிப்படி.

முதலில் நடை ஏன் கைகொடுக்கவில்லை என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு இரண்டு அறிவுரைகள் உண்டு. வாரம் 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும்படி உடல் உழைப்பு என்பது ஒன்று. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சி என்பது மற்றொன்று. நம் ஊர் மருந்துச் சீட்டுக்கு முதலாவது மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறது. “வாக்கிங் போங்க” என்று இரண்டே சொல்லில் முடித்து, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதை என்று 2023-ல் அரசு விழா எடுத்தது. நல்லதுதான், ஆனால் தசைக்கு யாரும் விழா எடுப்பதில்லை. பூங்காவில் போட்டிருக்கும் உடற்பயிற்சிக் கருவிகள் பெரும்பாலும் கூடுதல் எடை வைக்க வழியில்லாதவை. நீங்கள் எவ்வளவு தேறினாலும் அது அதே சுலபத்தில்தான் ஆடும்.

சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசை. நாற்பதுக்கு மேல், உட்கார்ந்தே இருப்பவருக்கு அது கரைந்துகொண்டு வரும். நடை அந்தக் கரைதலைத் தடுக்கப் போதாது. தொப்பையை மட்டும் தனியாகக் கரைக்கும் பயிற்சி எதுவும் கிடையாது. தரையில் படுத்து நூறு தடவை எழுந்தாலும் கழுத்துதான் வலிக்கும். தொப்பையின் கணக்கு பெரும்பாலும் தட்டில் இருக்கிறது. ராத்திரி பரோட்டாவைத் தொடாமல் வாளியை மட்டும் தூக்கிப் பயனில்லை.

இனி பயிற்சி. நான்கே அசைவுகள்.

முதலாவது, உட்கார்ந்து எழுவது. ஆடாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வழுக்கும் டைல்ஸில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் ஓடும், அதனால்தான் சுவர். கால்கள் தோள் அகலத்தில், பாதம் சற்றே வெளிப்பக்கம் பார்க்கட்டும். கைகளை முன்னால் நீட்டி, பின்பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்குங்கள். இருக்கையைத் தொட்டதும், முழு எடையையும் அதில் போடாமல் எழுந்துவிட வேண்டும். பலரும் கடைசி நான்கு அங்குலத்தில் ‘தொப்’பென்று விழுவார்கள். அந்த நான்கு அங்குலத்தில்தான் தொடைக்கு வேலையே இருக்கிறது. குதிகால் தூக்கினாலோ, எழும்போது இரண்டு முட்டியும் உள்பக்கம் ஒன்றையொன்று நெருங்கினாலோ நாற்காலி உங்களுக்குத் தாழ்வு என்று அர்த்தம். கெட்டியாக மடித்த ஜமுக்காளத்தைப் போட்டு உயர்த்துங்கள், வாரங்கள் போகப்போக ஒவ்வொரு மடிப்பாகப் பிரியுங்கள். முட்டி வலிக்கு ஓர் அளவுகோல்: பத்துக்கு மூன்று மார்க் வலி வரை பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிட வேண்டும். தணியாவிட்டால் இன்னும் உயரத்திலிருந்து செய்யுங்கள். உங்கள் லேசான வலிக்கு இது சிகிச்சையாகவே அமைய வாய்ப்பு அதிகம். முட்டியில் வீக்கமோ, மடங்கிய இடத்தில் மாட்டிக்கொள்வதோ இருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது, தள்ளுவது. தண்டால்தான், ஆனால் தரையில் வேண்டாம். தரையில் தொடங்குகிறவர்கள் மூன்று தடவையில் இடுப்பு தொய்ந்து, கழுத்தை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். சுவரில் தொடங்குங்கள். சுலபமானதும் சமையல் மேடை, அப்புறம் மாடிப்படி. கீழே நின்று ஐந்தாவது படியில் கை ஊன்றி, ஒழுங்காகப் பன்னிரண்டு வந்தால் நான்காவது, பிறகு மூன்றாவது. ஒவ்வொரு படியும் ஆறேழு அங்குலம் தாழ்வு, அந்த அளவுக்குக் கையில் எடை கூடும். ஜிம்மில் இரும்புத் தட்டு மாற்றுகிற வேலையை இந்தப் படி செய்துவிடும். முழங்கையை இரண்டு பக்கமும் சிலுவை போல விரிக்காமல் விலாவுக்குச் சற்று அருகில் வையுங்கள், தோள்பட்டை பிழைக்கும். தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு.

மூன்றாவது, இழுப்பது. பள்ளிப் பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போடுங்கள், நான்கு கிலோ. ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்பெலும்புப் பக்கமாக இழுத்து, மெதுவாக இறக்குங்கள். கதவுக் கைப்பிடியில் துண்டைக் கட்டி இழுக்கச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்ற வேண்டாம். கைப்பிடி கழன்றால் பின்மண்டைதான் அடி வாங்கும்.

நான்காவது, குனிந்து தூக்குவது. சுவருக்கு முதுகு காட்டி ஓர் அடி தள்ளி நில்லுங்கள். முட்டியைக் கொஞ்சமாக மடக்கி, முதுகு வளையாமல், பின்பக்கம் சுவரைத் தொடும்வரை இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, பிறகு நிமிருங்கள். வெறுங்கையோடு ஒரு வாரம். இரண்டாவது வாரம் வாளி. அரை வாளித் தண்ணீர் எட்டு கிலோ இருக்கும். குனிந்த நிலையில் கைக்கு எட்ட, வாளியை முக்காலி மேல் வைத்துக்கொள்ளலாம். ஒரு மக் தண்ணீர் கூட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோ கூடும். முதுகில் சுரீரென்று இறங்கி காலுக்குப் போகும் வலி என்றால் நிறுத்திவிடுங்கள்.

ஐந்து நிமிடம் கைகால் அசைத்து, நின்ற இடத்தில் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு நான்கையும் வரிசையாக, ஒவ்வொன்றும் எட்டு தடவை. பையை மட்டும் இரண்டு கைக்கும் எட்டெட்டு. இடையில் ஒரு நிமிடம் ஓய்வு. ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடம் ஆகும். முதல் இரண்டு வாரம் இரண்டு சுற்று, பிறகு மூன்று. ஒவ்வொரு அசைவையும், இன்னும் இரண்டு தடவை செய்ய முடியும் என்கிற இடத்திலேயே நிறுத்துங்கள். எட்டைப் பன்னிரண்டாக்குங்கள், பன்னிரண்டு மூன்று சுற்றும் வந்தபின் ஒரு படி இறக்குங்கள், ஒரு மக் கூட்டுங்கள், திரும்ப எட்டுக்கு வாருங்கள். தேதி, தடவை, படி எண், மக் எண்ணிக்கை என்று நோட்டில் எழுதுங்கள். கணக்கு எழுதுகிறவருக்கு இது கஷ்டமில்லை. மூச்சை அடக்காமல், எழும்போதும் தள்ளும்போதும் வெளியே விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் குப்பென்று ஏறும். திங்கள், புதன், வெள்ளி இது. மற்ற நாட்களில் உங்கள் நடை தொடரட்டும். அதில் பத்து நிமிடத்தைப் பிரித்து ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் வைத்தால் சர்க்கரைக்கு நல்லது.

முதல் நாள் உற்சாகத்தில் ஐம்பது தடவை செய்துவிட்டு, மறுநாள் இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாமல் போனவர்களோடு சேர்ந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாதாரண தசைவலி சரிதான். சிறுநீர் கறுத்த காபி நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரி. படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இதய மருத்துவரிடம் போங்கள்.

இப்போது உங்கள் மாத்திரை. எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. பலருக்கும் தெரியாது; சொல்லுபவரும் இல்லை. அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தைப் படியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயிற்சியால் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து மிகக் குறைவு. அதோடு கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு என்று ‘கிளி’யில் தொடங்கும் ஏதாவது சேர்ந்திருந்தால் கதை வேறு. இவை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பாடு வந்ததா, வேலை செய்தீர்களா என்று அவற்றுக்குத் தெரியாது. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, “பயிற்சி முடித்துச் சாப்பிடலாம்” என்று வெறும் வயிற்றில் வாளியைத் தூக்குவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. பயிற்சியை முடியுங்கள், பிறகு மாத்திரை, உடனே சாப்பாடு. தொடங்குமுன் குளுக்கோமீட்டரில் 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுத் தொடங்குங்கள். கை நடுக்கம், வேர்வை, திடீர்ப் பசி, தலை கிறுகிறுப்பு வந்தால் பாருங்கள்: 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மீட்டர் இல்லையென்றால் பார்த்துக்கொண்டிருக்காமல் குடித்துவிடுங்கள். பிஸ்கட், சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். பயிற்சியின் விளைவு மறுநாள் வரைகூட நீடிக்கும் என்பதால் தசைப்பயிற்சி தொடங்கிய முதல் வாரங்களில் ராத்திரிப் படுக்குமுன்னும் ஒருமுறை பாருங்கள். சில வாரங்களில் அளவுகள் தொடர்ந்து இறங்கினால் மாத்திரையின் வீரியத்தைக் குறைக்க வேண்டிவரும். நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதி வைத்த அளவுகளை டாக்டரின் மேஜையில் வைத்து, “இதைக் குறைக்கலாமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்கு அதே சீட்டு அடுத்த மூன்று மாதத்துக்கும் எழுதப்படும். இன்சுலின் போடுபவர்களுக்கு இதெல்லாம் இன்னும் கறாராகப் பொருந்தும்.

ஜிம் மீது எனக்குப் பகையில்லை. வாசலில் உட்கார்ந்து விற்பவர்கள் மீதுதான். “இன்னிக்கு மட்டும் ஆஃபர்” என்பது எந்த நாளும் இருக்கும். இரண்டு உலோகத் தகட்டில் ஏற்றி நிறுத்தி, “உங்க உடம்புக்கு வயசு 58” என்று சீட்டு நீட்டுவார்கள். அந்த மெஷின் மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, உடம்பின் நீர்ச்சத்தை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிறது. தண்ணீர் குடிக்குமுன் ஒரு கணக்கு, பின் ஒரு கணக்கு. அந்தச் சீட்டுக்கு மதிப்பு கொடுக்காதீர்கள். தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்ட நிலையில் டேப்பால் இடுப்பை அளங்கள், நம் ஊர் ஆணுக்கு 90 செ.மீ.க்குக் கீழே வருவது இலக்கு. மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

பவுடர் விஷயம் இன்னும் மோசம். ட்ரெய்னருக்கு டப்பாவுக்கு இவ்வளவு என்று கமிஷன் போவது பல இடங்களில் நடக்கிறது. தெரிந்தவர் வீட்டில் ‘நியூட்ரிஷன் கிளப்’ என்று ஷேக் கலக்கிக் கொடுப்பவர்களும் இதே ரகம். அவர்கள் அடுத்து உங்களையே ஆள் பிடிக்கச் சொல்வார்கள். உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 65 கிராம் அளவில் புரதம் தேவை. இரண்டு முட்டையில் 12, ஐம்பது கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 10, ஐம்பது கிராம் பருப்பில் 11, பாலும் தயிருமாக அரை லிட்டரில் 16. மீதியை இட்லியும் சோறும் தந்துவிடும். சர்க்கரை நோயாளியான நீங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் பார்க்காமல் எந்த டப்பாவையும் திறக்கக் கூடாது.

அட்வான்ஸ் 2,000. ரசீது இருக்கிறதா பாருங்கள். ஜிபே-யில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். “சேரவில்லை, பணத்தைத் திருப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள், நேரில் போய்ப் பேசினால் வருடப் பேக்கேஜை ஆறு மாதமாக்கித் தலையில் கட்டிவிடுவார்கள். ‘நோ ரீஃபண்ட்’ என்று போர்டு மாட்டியிருப்பதைக் கண்டு பயந்து விட்டுவிடாதீர்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணையும் அதே வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.