கரியமில வாயு போனபிறகு மணற்கல் அடைத்துக்கொண்டது ஏன்?

கேள்வி: சேலத்தில் எம்.எஸ்சி. புவியியல் படிக்கிறேன். மணற்கல் உருளை ஒன்றில் உப்புநீர், அப்புறம் கரியமில வாயு, மறுபடி உப்புநீர் என்று செலுத்தினோம். கடைசிச் சுற்றில் ஊடுருவுதிறன், அதாவது நீர் கல்லுக்குள் ஓடிப்போகும் எளிமை, ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அமிலம் கல்லைக் கரைத்து வழியைப் பெரிதாக்கும் என்றுதானே படித்தோம்? கருவியில் கோளாறா? ஏற்காட்டுக் கல்லில் செய்து பார்க்கலாமா?

பதில்: கருவியைக் கழற்ற வேண்டாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது கல்லையும் அல்ல, உள்ளே மாட்டிக்கொண்ட வாயுவை. உப்புநீர் திரும்பி வரும்போது வாயு முழுவதும் வெளியேறாது. ஒரு பகுதி குமிழ்களாகத் துண்டுபட்டுத் துளைகளிலேயே தங்கிவிடும், தண்ணீருக்கு வழி குறையும். நிலத்தடியில் வாயுவைப் பூட்டிவைக்க நினைப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. உங்கள் அளவீட்டுக்குத்தான் தொல்லை. வெளியேறும் முனையில் அழுத்தம் விழுந்தால் கோலி சோடாவைத் திறந்த கதைதான், கரைந்திருந்த வாயுவும் குமிழாகிவிடும். அதனால் அழுத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, வாயு கலக்காத உப்புநீரை, கல்லின் துளைகள் மொத்தமாகப் பிடிக்கும் அளவைப் போலப் பல மடங்கு ஓட்டுங்கள். குமிழ்கள் கரைந்து போனபிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

அப்போதும் குறைவாகவே இருந்தால் உப்பைப் பாருங்கள். உலர்ந்த வாயு போகிற போக்கில் நீரை ஆவியாக்கிக்கொண்டு போகும், உப்பு நுழைவாயில் பக்கம் படியும். செறிவு சற்றுக் குறைந்த உப்புநீரை விட்டதும் ஓட்டம் மீண்டால் குற்றவாளி உப்புதான். நல்ல தண்ணீரை மட்டும் விட்டுவிடாதீர்கள், களிமண் கலைந்து புதிய அடைப்பு வரும்.

மூன்றாவது, துகள். நீரில் கரைந்த வாயு கார்பானிக் அமிலமாகி, மணிகளை ஒட்டவைத்திருக்கும் கால்சைட்டைக் கரைக்கிறது. குவார்ட்ஸ் மணிகள் அசையாது. ஆனால் பிடி விட்ட கயோலினைட் போன்ற களிமண் துகள்கள் ஓடிப்போய், துளைகளை இணைக்கும் குறுகிய கழுத்தில் அடைகின்றன. காபித்தூளை ரொம்ப நைசாக அரைத்தால் டிகாக்‌ஷன் இறங்காமல் ஃபில்டர் மல்லுக்கட்டுமே, அதே சங்கதி. ஓட்டத்தின் திசையை மாற்றிப் பாருங்கள். ஒரு கணம் ஏறி மறுபடி விழுந்தால் துகள்தான்.

நீங்கள் படித்ததும் தப்பில்லை. கால்சைட் நிறைய இருக்கும் கல்லில் வழி பெரிதாகலாம். ஆனால் நுண்துளைமை (கல்லில் துளைகளின் பங்கு) கூடுவதும் ஊடுருவுதிறன் கூடுவதும் ஒன்றல்ல. வெளிவரும் நீரில் கால்சியம் ஏறியிருந்தும் ஓட்டம் குறைந்திருந்தால் கரைதலும் அடைப்பும் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

களத்திலும் இப்படித்தான், இடத்துக்கு இடம் மாறும். நார்வேயின் ஸ்லைப்னர் என்ற கடலடி எரிவாயு வயலில் 1996 முதல் உட்சிரா மணற்கல்லுக்குள் வாயுவைச் செலுத்துகிறார்கள். அது இறுகாத மணல், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துளை, சிக்கலில்லாமல் வாங்கிக்கொண்டது. அதே நாட்டின் இன்னொரு வயலான ஸ்னோவிட்டில் 2008-ல் தொடங்கினார்கள். அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் 2011-ல் வேறு அடுக்குக்கு மாற வேண்டியதாயிற்று.

ஏற்காட்டுக் கல்லா? அது சார்னக்கைட் என்ற கெட்டிப் பாறை. துளையே இல்லாத மாதிரி, தண்ணீர் விரிசலில்தான் ஓடும். நம்மூர் போர்வெல்காரர்களைக் கேட்டால் தெரியும். இந்தச் சோதனைக்கு உதவாது. அதற்குப் பதிலாக மிச்சமிருக்கும் மணற்கல் துண்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். உடனே பொங்கினால் கால்சைட் இருக்கிறது. அதே அமிலத்தை மலையடிவாரத்து மேக்னசைட் வெள்ளைக்கல்லில் விட்டால் சூடாக்கினால்தான் நன்றாகப் பொங்கும். அதற்குள்ளும் கரியமில வாயுதான் கல்லாகிக் கிடக்கிறது.