ஜனவரியில் ஒரு வாரம் நிசெகோ: பவுடர் ஸ்கீயிங்குக்குப் போகலாமா?

கேள்வி: சுவிட்சர்லாந்தில் இரண்டு முறை ஸ்கீயிங் செய்திருக்கிறேன். இயந்திரம் ஓட்டிப் பனியைச் சீர்செய்த பாதையில் தடுமாறாமல் இறங்குவேன். மனைவி பனியில் கால் வைத்ததே இல்லை. ஜனவரியில் ஒரு வாரம் ஜப்பான் போய்ப் பவுடரில், அதாவது புதிதாக விழுந்த இறுகாத பனியில், சறுக்க ஆசை. நிசெகோ எங்களுக்குச் சரிப்படுமா?

தாராளமாகப் போங்கள். ஆனால் முதல் நாளே பயிற்றுநருக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள். ஏழு நாளையும் ஒரே மலையில் கழியுங்கள். முதல் தடவை போனபோது நான் இந்த இரண்டையுமே செய்யவில்லை.

நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். ஸ்கீயிங் கற்றது காலா யுசாவாவில். டோக்கியோ நிலையத்தில் ஷின்கான்சென் அதிவேக ரயில் ஏறினால் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் ஸ்கீ மையத்துக்குள்ளேயே போய் இறங்கிவிடலாம். இரண்டு குளிர்காலம் அங்கே சறுக்கிவிட்டு, அந்தத் தைரியத்தில் நிசெகோ கிளம்பினேன். போய்ச் சேர்ந்த இரவு முழுக்கப் பனி கொட்டியது. காலையில் மரங்களுக்கு நடுவே இறங்கி, நான்காவது திருப்பத்தில் விழுந்தேன். எழுந்திருக்கக் கையை ஊன்றினால் தோள் வரை உள்ளே போகிறது, அடியில் தரையே தட்டுப்படவில்லை. ஒரு ஸ்கீ கழன்று எங்கேயோ புதைந்துவிட்டது. நான் கிடந்த இடத்தைச் சுற்றியே துழாவிக்கொண்டிருந்தேன். அந்த வழியாக வந்த ஒரு பயிற்றுநர் நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், உள்ளூர்க்காரர். "நீங்கள் உருண்டு வந்துவிட்டீர்கள், அது மேலேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஏழெட்டு அடி ஏறிப்போய், கைத்தடியைக் கத்தி மாதிரி பிடித்துப் பனியைக் கோடு கோடாக அறுத்துக்கொண்டே வந்தார். மூன்றாவது கோட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்கீ கிடைத்துவிட்டது. அப்புறம் இரண்டு தடிகளையும் பெருக்கல் குறி போலப் பனிமேல் படுக்கவைத்து, குறுக்கே வெட்டும் இடத்தில் கையை ஊன்றி எழச் சொன்னார். எழ முடிந்தது. மறுநாள் அவரிடமே அரை நாள் பாடம் எடுத்துக்கொண்டேன்.

அந்த அரை நாளில் பழைய பழக்கம் ஒன்றை விட வேண்டியிருந்தது. சீர்செய்த பாதையில் திருப்பத்தின் வெளிப்பக்கம் இருக்கும் காலில் எடையைப் போட்டுத்தானே திரும்புவோம்? பவுடரில் அப்படிச் செய்தால் அந்தக் கால் மட்டும் அமிழும், மற்றது மேலே மிதக்கும், ஆள் சாய்ந்துவிடுவோம். இரண்டு கால்களிலும் ஏறக்குறையச் சமமாக எடை, ஸ்கீகள் நெருக்கமாக, திருப்பத்தில் அவசரம் கூடாது. பயத்தில் பின்னால் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் தொடை எரிய ஆரம்பித்துவிடும். மெதுவாகப் போவதும் உதவாது, கொஞ்சம் வேகம் இருந்தால்தான் ஸ்கீ மேலே எழும். ஸ்கீயை வாடகைக்கு எடுக்கும்போது நடுப்பகுதி 105 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

பிடிபட்ட பிறகு வரும் அனுபவத்துக்காகத்தான் வருடா வருடம் போகிறேன். ஸ்கீக்கு அடியில் சத்தமே இருக்காது. முழங்காலுக்கு மேல் பனி எழும்பி நெஞ்சில் வந்து மோதும், ஆனால் மோதியதே தெரியாது. அந்தப் பனியைக் கையில் அள்ளி இறுக்கினால் உருண்டையாகாது, சலித்த அரிசி மாவு மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்துபோகும்.

இதற்குக் காரணம் கடல். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து உறைபனிக் காற்று ஜப்பான் கடலைத் தாண்டி வருகிறது. அந்தக் கடலில் தெற்கிலிருந்து வரும் சுஷிமா நீரோட்டம் ஓடுவதால் தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. வறண்டு வந்த காற்று வழியில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, நிசெகோ இருக்கும் ஹொக்கைடோ தீவின் மலைகளில் முட்டி மேலேறும்போது எல்லாவற்றையும் பனியாகக் கொட்டுகிறது. ஒரு பருவத்தில் சுமார் 15 மீட்டர் பனி என்பது அங்கே சாதாரணப் பேச்சு.

அதனால்தான் ஒரே மலையில் இருங்கள் என்கிறேன். நல்ல பனி எந்த இரவு விழும் என்று விமான டிக்கெட் போடும்போது தெரியாது. நிசெகோ அன்னுபுரி மலை 1,308 மீட்டர் உயரம்தான், ஆனால் கிராண்ட் ஹிராஃபு, ஹனாசோனோ, நிசெகோ வில்லேஜ், அன்னுபுரி என்று அதில் நான்கு ஸ்கீ தளங்கள், ஒரே பாஸில் எல்லாவற்றிலும் ஏறலாம். நாள் பாஸ் 10,000 யென்னைத் தாண்டிவிட்டது. காற்று பலமாக அடித்தால் மேல் லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் கீழே மரங்களுக்குள் போங்கள். வானமும் தரையும் ஒரே வெள்ளையாக இருக்கும்போது மரங்கள்தான் மேடு பள்ளத்தைக் காட்டும். கண்ணாடிக்கு மங்கலான வெளிச்சத்துக்கான மஞ்சள் அல்லது ரோஸ் நிற லென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். கயிறு கட்டிய இடத்தில் கயிற்றுக்கு அடியில் நுழையாதீர்கள். அந்தப் பக்கம் யாரோ போன தடம் அழகாகத் தெரியும், கால் தானாக இழுக்கும். நிசெகோவில் ஸ்கீ தளத்தின் எல்லைக்கு வெளியே போக விரும்புவோருக்குத் தனியாகக் கதவுகள் வைத்திருக்கிறார்கள். பனிச்சரிவு அபாயத்தைப் பார்த்துவிட்டு ரோந்துக் குழு அவற்றைத் திறக்கும், மூடும். மூடியிருந்தால் மூடியதுதான். திறந்திருந்தாலும், முதல் பயணத்தில் வழிகாட்டி இல்லாமல் நீங்கள் வெளியே போக வேண்டாம். உள்ளேயும் ஒரு ஆபத்து உண்டு: ஊசியிலை மரங்களின் அடியில் கிளைகள் பனியைத் தடுப்பதால் தண்டைச் சுற்றி இறுகாத பள்ளம் இருக்கும். தலைகீழாக அதில் விழுந்தால் தனியாக வெளியே வர முடியாது, மூச்சு முட்டும். மரங்களுக்குள் துணையோடு போங்கள், ஒருவர் கண்ணில் மற்றவர் படும்படி. கழுத்தில் ஒரு விசில் தொங்கட்டும். காப்பீட்டில் சீர்செய்யாத இடங்களில் சறுக்குவதும் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவமென்றால் ஒரு வார்த்தை: சூப், குழம்பு பெரும்பாலானவற்றில் மீன் சாறு இருக்கும். சமையலறையுள்ள தங்குமிடமாகப் பாருங்கள். சீன, ஜப்பானியப் புத்தாண்டு வாரங்களைத் தவிர்த்தால் அறையும் ஓரளவு மலிவு. நியூ சிட்டோசே விமான நிலையத்திலிருந்து பேருந்து உண்டு, இரண்டரை மணி நேரம்.

சரி, உங்கள் மனைவி. அவருக்கு முதல் மூன்று நாள் காலையில் தொடக்கநிலை வகுப்பு போடுங்கள், ஆங்கிலத்திலேயே நடக்கிறது. அன்னுபுரி பக்கம் சரிவு அகலமாகவும் சாதுவாகவும் இருக்கும். நீங்களே சொல்லிக்கொடுக்க முயல வேண்டாம். கனமாகப் பனி விழுந்த நாளில் புதியவர்களுக்குக் கால் நகராது, அன்று பனிக்காலணி மாட்டி நடக்கும் வழிகாட்டி நடையில் அவரைச் சேர்த்துவிடுங்கள். மாலையில் இருவரும் ஒன்சென் வெந்நீர்க் குளியலுக்குப் போங்கள். பெரும்பாலும் ஆண்கள், பெண்கள் தனித்தனி. முதலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும், உடுப்பில்லாமல், துண்டு தண்ணீரில் படாமல். உடம்பில் பச்சை குத்தியிருந்தால் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். திறந்தவெளித் தொட்டி இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். கழுத்து வரை சூடு, தலைமுடியில் பனி விழுந்து அப்படியே நிற்கும். மேகம் விலகினால் எதிரே யோதெய் மலை தெரியலாம், 1,898 மீட்டர். போன வருடம் ஏழு நாளில் இரண்டு முறைதான் எனக்கு அது முகம் காட்டியது.